கூடப் பாட ஆளில்லாத இசைத்தட்டு

சுந்தரராஜுக்குக் கடிதம் எழுத மட்டும் உடம்பு வணங்காது. கப்பலில் என்ஜின் ரூம் வேலைக்குப் போனதிலிருந்து அவன் போட்ட தபால்களில் "நான் நலம்" என்பதற்கு மேல் ஒரு வரி கிடையாது. அதற்குப் பதிலாக, தூத்துக்குடிக்கு வருகிற கப்பல்காரக் கூட்டாளி யாரிடமாவது ஒரு இங்கிலீஷ் இசைத்தட்டைக் கொடுத்தனுப்புவான். அவன் அம்மா ஞானபாக்கியம் அதை ரெக்கார்ட் பிளேயரில் போட்டு, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவளுக்குப் பாட்டு தெரியும். சர்ச் பாடகர் குழுவில் வெகு காலமாக ஆல்டோ பாடுகிறவள். எந்தப் பாட்டைக் கேட்டாலும், மேலே போகிற குரலை விட்டுவிட்டு அதற்குத் துணையாகக் கீழே போகிற குரலைத்தான் அவள் காது தேடும். வார்த்தைதான் சிக்காது. நாசரேத் பள்ளிக்கூடத்தில் அவள் படித்த இங்கிலீஷ் அந்தப் பாட்டுகளில் எங்கேயும் தட்டுப்படவில்லை.

முதலில் வந்த தட்டின் அட்டையில் நாலு தாடிக்காரர்கள் ஒரு வயலில் நின்றார்கள். கிடாரும் நாலு குரலுமாகப் பாட்டு நன்றாகவே இருந்தது. "பய ஒழுங்கா சாப்பிடுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இரண்டாவதில் ஆள் குரலே இல்லை. ஒரு பக்கம் முழுக்க ஏதோ மெஷின் ரீங்காரம். கெட்டுப்போன தட்டு என்றார் அவள் கணவர், பள்ளிக்கூட வாத்தியார் ஜேசுபாதம். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை, எப்படித் தோன்றுகிறது என்றும் தெரியவில்லை. மூன்று நாள் திருப்பித் திருப்பிக் கேட்டு, பிள்ளை எதையோ யோசித்துக்கொண்டே இருக்கிறான் என்கிற வரைக்கும்தான் வர முடிந்தது.

மூன்றாவதின் அட்டையில் படமே இல்லை. ஒருத்தன் கிடாரைத் தட்டிக்கொண்டு கத்துகிறான், நடுவில் இருமுகிறான், நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்கிறது. இதையெல்லாமா அச்சடித்து விற்பார்கள்? ஒரு பாட்டிலாவது இன்னொரு குரல் வரும் என்று கடைசி வரை காத்திருந்தாள். வரவில்லை.

"என்னங்க, இவன்கூட ஒருத்தரும் பாடலியே."

"பாக்கியம், இது பாட்டா? காட்டுக் கத்தல்! ஏளா, தட்டப் போட்டு நாடி பாக்காத."

லீவில் வந்து இறங்கிய சுந்தரராஜ் கொழுகொழுவென்று இருந்தான். மீன் குழம்பைத் திரும்பத் திரும்ப ஊற்றிச் சாப்பிட்டான், தெருவே கேட்கச் சிரித்தான். அவளுக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். எதை நம்புவது, இந்தச் சிரிப்பையா அந்தக் கத்தலையா? லீவு முடிய, மறுபடி கப்பலேற பம்பாய்க்கு ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. மகன் கப்பலில் இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்த ஜேசுபாதம், தானே ஸ்டேஷனுக்குப் போய் எடுத்துவந்திருந்தார். ஒரு தட்டைக் கேட்டுவிட்டு, பிள்ளையைப் போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

பெட்டி அடுக்கும்போது கேட்டேவிட்டாள். "ஏலே, அந்தத் தட்டெல்லாம் நீ எப்படிப் பாத்து வாங்குவ?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நான் எங்க வாங்குனேன்மா? எங்க செகண்ட் என்ஜினியர் கேட்டுச் சலிச்சதத் தருவாரு. அந்தத் தாடிக்காரங்க, அந்த மெஷின் சத்தம் எல்லாம் அவருக்குப் பிடிச்சது. எனக்கு ஒரு எழவும் புரியாது."

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. யாரோ ஒரு என்ஜினியர் கேட்டுக் கழித்ததை வைத்துக்கொண்டா இத்தனை நாள் சந்தோஷப்பட்டோம், பயந்தோம்! அவளும் சேர்ந்து சிரித்தாள். "அப்ப அந்தக் கத்துதவன் தட்டும் அவரு தந்ததுதானா?"

அவன் சட்டையை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"அது மட்டும் நான் வாங்குனதும்மா. ஒரு ஊர்ல கடையில ஓடிக்கிட்டிருந்துச்சு. என்ன பாடுதான்னு தெரியல. ஆனா அவன் கத்தக் கத்த எனக்குக் கொஞ்சம் நல்லாருந்துச்சு."

ஞானபாக்கியத்துக்கு, எதற்கு, என்ன ஆயிற்று என்று கேட்க நூறு கேள்வி இருந்தது. ஒன்றையும் அவள் கேட்கவில்லை.

"ஏலே, நீ போவ வேண்டாம்."

அப்பா என்ன சொல்வார், டிக்கெட்டை என்ன செய்வது, கம்பெனிக்கு என்ன பதில் எழுதுவது என்று அவன் இழுப்பான் என எதிர்பார்த்தாள்.

"சரிம்மா" என்றான் உடனே.