அடிப்பாதி

கயிற்றின் நுனியில் நெருப்பு.

சவரிமுத்துவின் பெட்டிக்கடை. வாசலில் மூங்கில் கால். அதில் தொங்கும் தேங்காய் நார்க் கயிறு. கயிற்றின் நுனியில் குண்டுமணி அளவுக்குச் சிவப்பு. நனையாமல் இருக்க மேலே கவிழ்த்த தகர டப்பா.

கார்த்திகை மழை துறைமுகத்தையே கரைத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு பொட்டு மட்டும் அணைவதில்லை. கொழுந்து விட்டு எரிவதும் இல்லை. யாராவது சிகரெட்டோடு குனிந்து வாயை நீட்டட்டும் என்று அது பாட்டுக்குக் கிடக்கிறது.

தணிகாசலம் எதிர்ச்சாரியில் போகிறார். குடையைக் கடைப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போகிறார். மழை அடிப்பதோ மறுபக்கம். தோள் நனைந்தால் நனையட்டும், கயிறு கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

தம்பி ஏகாம்பரத்தை எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறார்.

*

அன்றைக்கும் மழை. சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் கால் கழுவ, வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள் ஏகாம்பரத்தின் மகள் மதிவதனி. படிப்பை முடித்து இப்போதுதான் வேலைக்குப் போகும் பெண். அப்பாவின் தொண்டையில் ஓட்டை போட்டதையும், அந்த ஓட்டை வழியாக மூச்சு சீறியதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

பெரியப்பாவின் ஈரச் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த சிகரெட் பெட்டியைப் பார்த்தாள்.

"நீங்களாவது இருங்க பெரியப்பா."

அழவில்லை. சத்தியம் கேட்கவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோதும் அவள் ஒரு சொட்டு விடவில்லை. தணிகாசலம் பெட்டியை எடுத்துச் சாக்கடையில் போட்டார். அது தண்ணீரில் மிதந்து மதகுக்குள் போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைங்க, ஒரேயடியா விட்டா உடம்பு தாங்காது என்றார்கள் தெரிந்தவர்கள். ஏகாம்பரமும் அப்படித்தான் குறைத்துக்கொண்டிருந்தான். குறைத்துக்கொண்டே இருந்து செத்துப் போனான்.

*

உடம்பு தாங்கத்தான் இல்லை.

டீ குடித்தால் டீ பாதியில் நிற்கிறது. சாப்பிட்டு எழுந்தால் கை சட்டைப்பைக்குப் போகிறது. வெறும் பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது. காலையில் வயிறு கழிவதில்லை. வாயெல்லாம் புண். அசந்து தூங்கினால் கனவில் குடிக்கிறார். பதறி எழுந்து உதட்டைத் தடவிப் பார்க்கிறார்.

மனைவி கிராம்பு கொடுத்தாள். மென்று மென்று நாக்கு மரத்துப் போனது. "எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறீங்க, பேசாம ஒண்ணு குடிச்சுத் தொலைங்களேன்" என்றாள் ஒரு நாள். குழம்புத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அப்புறம் தானே வந்து தட்டை எடுத்து அடுப்படியில் கழுவி வைத்தார்.

மழை வேறு. மழை நாளில் புகைக்கு ருசி கூட. எந்தப் பாவி அப்படி வைத்தானோ.

*

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஐஸ் கம்பெனியில் வேலை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பாளம் பாளமாக ஐஸ் தள்ளுகிற வேலை. விரல் விறைக்கும். காது விறைக்கும். வெளியே வந்து பூவரச மரத்தடியில் நின்றால்தான் உயிர் திரும்பும்.

ஆளுக்கு ஒன்று குடிக்கிற அளவுக்கு மேஸ்திரி நேரம் விட மாட்டார். இரண்டு பேருக்கும் ஒன்று. அண்ணன் முதலில். பாதி வரை இழுத்துவிட்டுத் தம்பியின் விரலுக்கு மாற்றுவார். அந்த இடம் கைக்கே தெரியும், பார்க்க வேண்டியதில்லை. தம்பி மரியாதையாகக் கொஞ்சம் திரும்பி நின்று மிச்சத்தைக் குடிப்பான்.

மேல்பாதி அண்ணனுக்கு. அடிப்பாதி தம்பிக்கு. முப்பது வருஷம் அப்படி.

அடிப்பாதி கசக்கும். மேலிருந்து இறங்கும் சாறெல்லாம் அங்கேதான் வந்து தேங்கும். தணிகாசலத்துக்கு அது ஆகாது. தனியாகக் குடிக்கும்போதும் பாதியில் வீசிவிடுவார். ஏகாம்பரம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அண்ணன் கொடுத்ததை உதட்டைச் சுடும் வரை குடிப்பான்.

ஒரே சிகரெட். ஒருத்தன் தொண்டையைத் தின்றது, இன்னொருத்தனை விட்டுவிட்டது. இதற்கு எந்த டாக்டரிடம் போய் விளக்கம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

*

காரியத்தன்று மழை கொஞ்சம் அடங்கியிருந்தது. கூடத்தில் படையல். ஏகாம்பரத்தின் படம், மாலை, குத்துவிளக்கு. தலைவாழை இலையில் அவனுக்குப் பிடித்ததெல்லாம். நண்டு வறுவல், சுறாப்புட்டு, கருவாட்டுக் குழம்பு, மசால் வடை. கடைசி மூன்று மாதம் மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி இறங்கிய மனுஷனுக்கு நண்டு.

அக்கா தனபாக்கியம் முந்தானையிலிருந்து ஒரு புதுப் பெட்டி எடுத்தாள். ஒன்றை உருவி இலை ஓரத்தில் வைத்தாள்.

"அத்தை, அது வேணாம்" என்றாள் வதனி. "அதுதானே அப்பாவை..."

"செத்தவனுக்கு இனிமே என்னடி கேடு? ஆசைப்பட்டதை வைக்கலைன்னா ஏங்கிப் போவான்."

அக்கா கற்பூரத்தில் காட்டிப் பற்ற வைத்தாள். எல்லோரும் வெளியே வந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். போனவர் வந்து ஆற அமரச் சாப்பிடட்டும் என்று அப்படிச் சாத்துவதுதான் வழக்கம்.

தாழ்வாரத்தில் தம்பியின் மனைவி சுகுணா தூணில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். "கனவுல கூட வரல மாமா" என்றாள் தணிகாசலத்திடம். "என்மேல என்னா கோவமோ. எங்க போனாருன்னே தெரியல."

கதவைத் திறந்தபோது இலை வைத்தபடி இருந்தது. சிகரெட் நுனி கருகி அணைந்திருந்தது. மழைக்கு நமுத்துப் போன சிகரெட். சுகுணா அதையே பார்த்தாள். அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"தொடவே இல்லையே அண்ணி."

"என் கையால வெச்சா அவன் எப்படி எடுப்பான்?" என்றாள் அக்கா. "தணிகா, நீ போ. உன் கையால வாங்கித்தான் அவனுக்குப் பழக்கம். நல்லா பத்த வெச்சுட்டு வா."

"இழுக்காம எப்படிப் பத்தும்?" வதனியின் குரல்.

"ஒரு இழுப்புல குடியா முழுகிப் போயிடும்?"

சுகுணா அவரைப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் உள்ளே போனார். பின்னால் கதவைச் சாத்தினார்கள்.

*

கூடத்தில் அவரும் தம்பியும்.

அவருக்குத் தம்பிமேல் கோபம் வந்தது. இப்படி ஒரு பழியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறானே என்று வந்தது.

சிகரெட்டை எடுத்தார். விரல்கள் அதை மறக்கவே இல்லை. குத்துவிளக்கில் நுனியைக் காட்டினார். கருகியது, கனியவில்லை. மறுபடி காட்டினார். ஒரு பொட்டு சிவந்தது. மங்கியது.

ஒரு இழுப்பு. ஒன்றே ஒன்று. கதவு சாத்தியிருக்கிறது. பார்க்க ஆளில்லை. இருக்கிற ஒருத்தன் படத்தில் இருக்கிறான், அவன் சொல்ல மாட்டான். வாயில் எச்சில் ஊறியது. நெஞ்சுக்குள் ஏதோ வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. முகம் தானாகக் குனிந்தது. உதடு தானாகக் குவிந்தது.

குவிந்த உதட்டோடு ஊதினார்.

உள்ளே இழுக்க வேண்டிய காற்றை வெளியே ஊதினார். ஈர விறகை ஊதுவதுபோல, கன்னம் புடைக்க, நுனியில் ஊதினார். சிவப்பு கனிந்தது. சாம்பல் வளர்ந்தது. புகை மீசையில் ஏறியது, முடியில் ஏறியது, கண்ணில் புகுந்து எரித்தது. மங்கும்போதெல்லாம் விளக்கில் காட்டி ஊதினார். தலை சுற்றியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, அது புகையால் மட்டும் இல்லை.

பாதி வந்ததும் கை நின்றது.

இலை ஓரத்தில் வைத்தார். "இந்தாடா" என்றார்.

*

அவர் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினார்கள். மறுபடி திறந்தபோது அது அங்கேயே, பாதியிலேயே, அணைந்து கிடந்தது. நீளமான சாம்பல் உடையாமல் இருந்தது.

சுகுணா மண்டியிட்டாள். கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். அப்புறம் அந்த வீட்டில் இத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"வந்துட்டாரு. ஏய் வதனி, அப்பா வந்துட்டாருடி. பாதி குடிச்சிருக்காரு பாரு!"

வதனி பார்த்தாள். வேண்டாம் என்று சொன்னவள், அதை வெறுத்தவள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் வாய் கோணியது. "அப்பா" என்றாள். அதற்குமேல் முடியவில்லை. அத்தனை நாள் வராத அழுகை வந்தது. அம்மாவின் தோளில் விழுந்து குழந்தையாக அழுதாள்.

தணிகாசலம் சுவரோடு ஒட்டி நின்றார். திருடிய பொருளை ஊரே சேர்ந்து கும்பிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

சுகுணா எழுந்தாள். அந்தப் பாதியை இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள்.

"மீதியை உங்களுக்கு வெச்சுட்டுப் போயிருக்காரு மாமா. இது உங்க பங்கு. மாட்டேன்னு சொல்லாதீங்க."

படையலில் ஆளுக்கொரு பங்கு உண்டு. பங்கை மறுக்கக் கூடாது. வதனி அழுத கண்ணோடு நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன கேட்டது என்று அவருக்குத் தெரியும். சுகுணா ஏந்திய கையை இறக்கவில்லை. பூரித்துப் போய் நின்றாள்.

அவர் வாங்கிக்கொண்டார்.

*

மறுபடி மழை. குடை எடுக்காமல் இறங்கினார். தாழ்வாரத்து விளிம்பில் நிற்க முடியவில்லை. கால் அதுவாக ரோட்டைக் கடந்தது.

கயிற்றின் நுனியில் நெருப்பு.

"அட, வாங்க" என்றார் சவரிமுத்து. டப்பாவைத் தூக்கிவிட்டார். அதற்குள் யாரோ வாழைப்பழம் கேட்க, தார்ப் பக்கம் திரும்பினார்.

கையில் அடிப்பாதி. தம்பியின் பாதி. கசப்பெல்லாம் தேங்குகிற பாதி. இதையும்தான் ஒரு தடவை குடித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவன் முப்பது வருஷம் குடித்ததை. உடம்பு அதற்கும் தயாராக ஒரு நியாயம் வைத்திருந்தது. எது சொன்னால் இவர் மடங்குவார் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, சனியன்.

குனிந்தார். நெருப்பின் சூடு மூக்கில் பட்டது.

விரலுக்குள் வைத்து நசுக்கினார். ஈரத்தில் புகையிலை பிரிந்து, உதிர்ந்து, வாய்க்கால் தண்ணீரில் போனது. கையை வேட்டியில் துடைத்தார். ஜெயித்துவிட்டார். யாரும் பார்க்கவில்லை.

திரும்பினால் வதனி. ஒரு குடைக்குள் நின்றுகொண்டு இன்னொரு குடையோடு. பெரியப்பா நனைவாரே என்று எடுத்து வந்திருக்கிறாள். கடை வாசலில் பெரியப்பா. கையில் எதுவும் இல்லை.

"வதனி, நான் குடிக்கல."

அவள் கிட்டே வந்தாள். குடையை நீட்டினாள். மீசையில் புகை. முடியில் புகை. மழையிலும் போகாத புகை.

"வாசம் வருது பெரியப்பா."

சொல்லிவிடலாம். வாசம் எப்படி வந்தது என்று ஒரே ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். சொன்னால் அந்தப் பாதியைக் குடித்தது யார்? அங்கே வீட்டில் ஒருத்தி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இங்கே இவள் கண் இன்னும் ஈரமாக இருக்கிறது.

வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"நீங்களாவது இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் வதனி. குடையை அவர் கையில் வைத்துவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் குடையை விரிக்கவில்லை. புகை ஒரு இழைகூட உள்ளே போகவில்லை. இந்த வார்த்தை போயிற்று. தொண்டையில் நின்று கசந்தது, முழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"நெருப்பு வேணுமா?" என்றார் சவரிமுத்து.

தலையை ஆட்டி வேண்டாம் என்றார். சவரிமுத்து டப்பாவைக் கவிழ்த்தார்.

கார்த்திகை மழை. டப்பாவின் அடியில், கயிற்றின் நுனியில், நெருப்பு அப்படியே இருந்தது.