ஈயக் குண்டுக்காரருக்கு ஒரு பதில்

கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் எவரும் எவரிடமும் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்வதில்லை. கல்யாணத்துக்கு வர முடியாதவர் "இன்ஷா அல்லாஹ், பாப்போம்" என்பார். அழைத்தவரும் சாப்பாட்டுக் கணக்கில் ஓர் ஆளைக் குறைத்துக்கொள்வார். யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. இந்தப் பழக்கத்தோடுதான் றுமைஸா அமெரிக்கக் கடையொன்றில் வேலைக்குப் போனாள். போனாள் என்றால் எங்கே போனாள்? புருஷன் ஹபீலின் திரைச்சீலைக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள், அவ்வளவுதான்.

அது கைத்துப்பாக்கிக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடை. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல், புது வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்து வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறவர்கள் அங்கே ஏராளம். எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்று கேட்டு எழுதுவார்கள். வெடிமருந்துக் கம்பனி வெளியிட்ட அட்டவணையில் தேடி அனுப்புவது இவள் வேலை. துப்பாக்கியை இவள் கண்டதெல்லாம் கம்பளை வங்கி வாசலில், காவலாளியின் தோளில். ஆனாலும் பாருங்கள், கொஞ்ச நாளிலேயே அட்டவணையெல்லாம் தண்ணீர் பட்ட பாடு! வாடிக்கையாளர்கள் போடும் நட்சத்திரம் இந்த மாதமும் குறையாவிட்டால் வேலை நிரந்தரம்.

அந்த நேரம் பார்த்தா வால்டர் என்றொரு கிழவர் வந்து சேர வேண்டும்? காலமான சிநேகிதர் தன் கையால் வார்த்த ஈயக் குண்டுகள் ஒரு டப்பா நிறைய அவரிடம் இருந்தன. மருந்தளவு வேண்டுமாம். றுமைஸா கண் பூத்துப்போகத் தேடினாள். அதே எடையில் செம்பு போர்த்திய குண்டுக்கு அளவு இருந்தது. அந்த ஈயக் குண்டுக்கு எங்கேயும் இல்லை. ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கக்கூடும் என்று பயிற்சியின் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார்கள். அப்படியென்றால் "இல்லை" என்று எழுதித் தொலைக்க வேண்டியதுதானே? நம்முடைய பிள்ளைக்கு அது வரவில்லை. "தேடிப் பார்க்கிறேன், கவலைப்படாதீர்கள்" என்று திரும்பத் திரும்ப எழுதினாள்.

வால்டர் என்ன கெலிஓயாக்காரரா, விளங்கிக்கொள்ள?

"நீ மறுக்கவில்லை. ஆகவே செம்புக் குண்டின் அளவையே போடலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு நிரப்பி நாளைக்குச் சுடப்போகிறேன். உனக்கு முழு நட்சத்திரம்!" என்று பதில் வந்தது.

றுமைஸா மடிக்கணினியை அப்படியே விட்டு எழுந்தாள். படியிறங்கிக் கடைக்கு ஓடினாள்.

"இந்தாங்க, ஒரு மனிசன் கைய இல்லாமலாக்கிக்கப் போறாரு! எல்லாம் என்னாலதான்!"

விஷயத்தைக் கேட்ட ஹபீல் துணியை அளப்பதை நிறுத்தினான். "இல்ல, ஏலாண்டு சொல்லிரேன்."

"சொன்னா கோவிப்பாரு. நட்சத்திரம் போயிரும், வேலயும் போயிரும்."

"அப்ப, இன்ஷா அல்லாஹ் பாப்போம்டு போடு."

"யா அல்லாஹ், அப்பிடிப் போட்டுத்தானே இந்தக் கோலம்!"

மேலே ஏறி வந்து தட்டத் தொடங்கினாள். "மன்னிக்கவும்" என்று எழுதி அழித்தாள். "தயவுசெய்து" என்று எழுதி அதையும் அழித்தாள். கடைசியில் நின்றது இதுதான்: "வேண்டாம். அந்த அளவு உங்கள் குண்டுக்கு ஆகாது. உங்கள் குண்டுக்கு என்னிடம் அளவு இல்லை. நிரப்பாதீர்கள்."

பார்க்கவே மரியாதைகெட்ட கடிதமாக இருந்தது. வாப்பா வயதுக்காரருக்கு இப்படியா எழுதுவது? பிஸ்மி சொல்லி, கண்ணை இறுக மூடிக்கொண்டு அனுப்பினாள்.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழும்வரை ஒரு பதிலும் இல்லை. கிழவர் கடிதத்தைப் பார்த்தாரா, பார்க்காமலே சுடப் போய்விட்டாரா? வேலை நாசமாய்ப் போகட்டும், அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று அழுது அழுது துஆ கேட்டாள்.

தொழுது முடித்து வந்து பார்த்தால் ஒற்றை நட்சத்திரம். அதன் கீழே நீளமாக ஒரு பக்கம். இப்படி முகத்தில் அடித்தாற்போலப் பேசும் பெண்ணைத் தன் ஆயுளில் கண்டதில்லையாம். கடைக்கே இனி வரமாட்டாராம். வெடிமருந்தைத் திரும்ப அதன் டப்பாவில் கொட்டிவிட்டாராம், திருப்திதானே என்று வேறு கேட்டிருந்தார். அதற்குப் பின்னாலேயே மேலாளரின் கடிதமும் வந்தது: வேலை இப்போதைக்கு நிரந்தரமில்லை.

தேத்தண்ணீரோடு மேலே வந்த ஹபீல் திரையில் ஒற்றை நட்சத்திரத்தைக் கண்டு திகைத்து நின்றான். "என்னா, நல்லா ஏசியீக்காரா?"

"ஒரு பக்கம் நெறய."

"வேல?"

"அதுவும் தள்ளிப் போயிட்டு."

"அப்ப என்னத்துக்குப் புள்ள சிரிக்கிற?"

றுமைஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை அவன் பக்கம் திருப்பினாள். "ஒரு எழுத்துப் பிழயாவது ஈக்கா பாருங்க. அல்ஹம்துலில்லாஹ், பத்து வெரலாலயும் ஏசியீக்காரு."