கட்டைவிரலுக்கு ஏற்ற கிளாரினெட்

செல்வமேரி பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். ஞாயிறுதோறும் சர்ச் கொயரில் கிளாரினெட் வாசிப்பாள். அந்தக் கிளாரினெட் சர்ச்சுக்குச் சொந்தம். ஆராதனை முடிந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வீட்டில் வாசித்துப் பழக அவளிடம் எதுவும் இல்லை.

மகள் சினேகாவுக்கு ஐடி வேலை. முதல் போனஸ் வந்த வாரமே அம்மாவை மேற்குத் தாம்பரத்தில் பென்னியின் இசைக்கருவிக் கடைக்கு அழைத்துப் போனாள்.

"எண்பதாயிரம் வரைக்கும் ஓகேம்மா. நீ விலையைக் கேக்காத."

பென்னி மூன்று கிளாரினெட்டை எடுத்து வைத்தான். பிளாஸ்டிக் பன்னிரண்டாயிரம். கெட்டி ரப்பரில் செய்தது முப்பத்து நாலாயிரம். கருமரத்தில் செய்தது எழுபத்தெட்டாயிரம்.

பிளாஸ்டிக்கின் சத்தம் செல்வமேரிக்கே பிடிக்கவில்லை. மரத்தை எடுத்து நாலு வரி வாசித்தாள். கடையில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"இதையே பில் போடுங்கண்ணா" என்றாள் சினேகா.

பென்னி பில் புத்தகத்தைத் தொடவில்லை. "அக்கா, ஒரு பாட்டு முழுசா வாசிங்க."

இரண்டாவது சரணத்தில் செல்வமேரியின் வலது கட்டைவிரல் நடுங்கியது. கிளாரினெட்டின் கனம் முழுக்க அந்த விரலில்தான் உட்காரும். ஊசியும் தோலும் தள்ளித் தள்ளித் தேய்ந்த விரல் அது. ரப்பரில் அதே பாட்டைக் கடைசிவரை வாசித்தாள்.

"மரத்துல சத்தம் ஒரு படி மேலதான், பொய் சொல்ல மாட்டேன்" என்றான் பென்னி. "ஆனா கனம். கை வலிச்சா பெட்டிக்குள்ளயே கெடக்கும்."

சினேகாவின் முகம் வாடியது. "காசு பாத்து வாங்கின மாதிரி இருக்கும்மா."

"இல்லடி. எனக்கு தினம் வாசிக்கணும். இதுலதான் முடியும்."

முப்பத்து நாலாயிரம் கட்டினார்கள். ஊதும் முனையில் பொருத்துகிற ரீட் ஒரு பெட்டியைப் பென்னி சும்மா கொடுத்தான்.

"வெல கூடினதையே எங்க தலைல கட்டியிருக்கலாம். ரொம்ப நன்றி தம்பி" என்றாள் செல்வமேரி.

"ரீட் தேஞ்சா இங்கதானே வருவீங்கக்கா" என்று சிரித்தான் அவன்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு என்ன வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, சினேகா" என்றாள். சினேகா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் சினேகாவே தோசை சுட்டாள். செல்வமேரி கட்டிலில் உட்கார்ந்து நாலு பாட்டு வாசித்தாள். எதிர் வீட்டு டெபோரா வாசலில் வந்து நின்று, ஐந்தாவதாக ஒன்று கேட்டாள். அதையும் வாசித்தாள்.