கூறைக்கு நீட்டிய அட்டை

“அந்த அட்டையை உனக்கு ஆரடி தந்தது? வாயைத் திறவடி!”

தங்கேஸ்வரி போட்ட சத்தத்தில் அல்பேர்ட்டின் புடவைக்கடைக்கு வெளியே போன வெள்ளைக்காரி ஒருத்தி நின்று கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தாள்.

“அன்ரி, உங்கடை அட்டையை மெசின் எடுக்கேல்லை எண்டுதானே என்ரையை நீட்டினனான்,” என்றாள் இமெல்டா.

“உன்ரையோ? நம்பரே இல்லாத உனக்கு அட்டையோ?”

நோர்வே, இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, மாசி மாதம். தங்கேஸ்வரியின் மகன் பிரசாந்தனுக்கும் ரொம்சோஸ் பகுதி ஹம்சத்வனிக்கும் வைகாசியில் கல்யாணம். கூறைப்புடவை எடுக்க இரு வீட்டாரும் வந்திருந்தார்கள். என்னையும் அழைத்தார்கள் என்று சொல்லமாட்டேன். மோர்டென்ஸ்ருட்டில் தங்கேஸ்வரிக்குப் பக்கத்து வீடு என்னுடையது. கார் புறப்படுவதைக் கண்டேன், ஏறிக்கொண்டேன்.

இமெல்டா தங்கேஸ்வரி வீட்டுக் கீழறையில் வாடகைக்கு இருப்பவள். அகதி வழக்கு முடியாததால், இந்த நாட்டில் மனிதரை மனிதராக்கும் அந்தப் பதினொரு இலக்க ஆள் எண் அவளுக்குக் கிடைக்கவில்லை. கணக்குத் திறக்கப் போனவளை வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பியது. அப்படிப்பட்டவள் பளபளவென்று கடனட்டை நீட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அல்பேர்ட் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“இது இரண்டாவது அட்டை அக்கா. நம்பர் உள்ள ஒராள் தன்ரை வீட்டு ஆளுக்கு எடுத்துக் குடுக்கிறது. மனுசிக்கு, இல்லாட்டி சம்போவருக்கு.”

சம்போவர் என்றால் தாலி இல்லாமல் ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறவர். நோர்வே மொழியில் வேறொன்றும் தெரியாத தாய்மாருக்கும் இந்தச் சொல் தெரியும். பிள்ளைகளை நினைத்துப் பயப்படுவதற்காகவே கற்றது.

சம்பந்தி இராஜேஸ்வரியின் கையிலிருந்து கூறை நழுவியது. தங்கேஸ்வரி வீட்டில் ஆண்கள் இரண்டே பேர். ஒருவன் மாப்பிள்ளை. மற்றவர் தங்கேஸ்வரியின் தமையன் பூபாலசிங்கம். ஐம்பதைத் தாண்டிய பிரமச்சாரி, கோயில் பொருளாளர், பெண்கள் வரிசைப் பக்கம் தலை திருப்பாதவர். ஆகவே எல்லோருடைய சந்தேகமும் பிரசாந்தனில் போய் நின்றது. என்னுடையதும்தான்.

“என்ரை பிள்ளைக்கு இப்பிடி ஒரு மாப்பிளை தேவையில்லை.” இராஜேஸ்வரி கைப்பையை எடுத்தாள். “கல்யாணம் இல்லை. மண்டபக்காரனுக்கு நானே சொல்லுறன்.”

“அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. அவன் பஸ் ஓடுறான், ஃபோன் எடுக்கிறானில்லை.” தங்கேஸ்வரி அழத் தொடங்கிவிட்டாள். “எடியே, என்ரை பிள்ளை இல்லை எண்டு சொல்லடி!”

“பிரசாந்தன் எனக்குத் தம்பி மாதிரி, அன்ரி.”

“எல்லாரும் தம்பி மாதிரி எண்டுதான் தொடங்குறது,” என்றேன் நான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்போது, கார் விட இடம் தேடிப் போயிருந்த பூபாலசிங்கம் சப்பாத்துப் பனியைத் தட்டியபடி உள்ளே வந்தார். இமெல்டா அவர் பக்கம் திரும்பினாள்.

“இஞ்சேருங்கோ, இனியாவது சொல்லுங்கோவன்.”

இஞ்சேருங்கோ! எங்கள் பெண்கள் புருசனைத் தவிர வேறு எவரையும் அந்தக் குரலில் அப்படிக் கூப்பிடுவதில்லை. காலையில் காரில் ஏறும்போதுகூட அவள் அவரை ‘ஐயா’ என்றாள். என் காதால் கேட்டேன். அல்பேர்ட் பிளந்த வாயை மூடவில்லை.

“தங்கச்சி, கத்தாதை,” என்றார் அட்டையைக் கண்ட பூபாலசிங்கம். “நான்தான் எடுத்துக் குடுத்தனான்.”

“என்னெண்டு சொல்லி எடுத்தனீங்கள் அண்ணை?”

“உள்ளதைத்தான். சம்போவர் எண்டு.”

“என்ரை வீட்டிலையோ?”

“கீழறையிலை.”

“அண்ணை, அவள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரி! நீங்கள் கோயில் பொருளாளர்!”

“ஓம். நான் சைவம் எண்டு அவவுக்கும் தெரியும்.”

தங்கேஸ்வரி புடவைக் குவியலின் மேல் அப்படியே இருந்துவிட்டாள். இராஜேஸ்வரி அவளையும் தமையனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கைப்பையைக் கீழே வைத்தாள்.

“அப்ப மாப்பிளையிலை பிழை இல்லை. கல்யாணம் நடக்கட்டும். ஆனா என்ரை மகள் அந்த வீட்டுக்குக் குடிவரமாட்டாள்.”

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. பிரசாந்தனும் ஹம்சத்வனியும் ரொம்சோஸில், இராஜேஸ்வரி வீட்டுக்கு அடுத்த மாடியில் குடியேறினார்கள். பூபாலசிங்கத்தைப் பொருளாளர் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர் இமெல்டாவை முறைப்படி மணந்து ஹொல்ம்லியாவுக்குப் போய்விட்டார். தங்கேஸ்வரி மட்டும் மோர்டென்ஸ்ருட்டில், அந்த முழு வீட்டிலும் தனியாக இருக்கிறாள்.