ஏழாம் மேசையில் இருபத்துமூன்று விநாடி

முதல் கட்ட மதிப்பீடு பத்து நாள் நடந்தது. நான்காம் மாடியில், குளிரூட்டிய அறையில், வெறும் மேசையின் நடுவே அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தால் அதில் அடங்கிவிடும். உயரம் நான்கு விரல்கூட இல்லை. இரண்டு திரைகளை மாட்டலாம். அடியிலும் பின்புறமும் காற்று போய்வர மெல்லிய பிளவுகள். பழைய டவர் கம்ப்யூட்டர் இழுத்த மின்சாரத்தில் கால் பங்குதான் இது இழுத்தது. விசிறி ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளக் காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது.

மதிப்பீட்டை எழுதியவளை அலுவலகத்தில் தராசு என்பார்கள். எதைக் கொடுத்தாலும் நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று எழுதாமல் திருப்பித் தரமாட்டாள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைகளுக்கு வாங்கும் ஒவ்வொரு கருவியும் அவள் கையைத் தாண்டித்தான் போகும். இந்த முறை கருவியை விற்க வந்த கம்பெனியில் அவளுடைய கொழுந்தன் விற்பனைப் பிரதிநிதி. அதை முதல் நாளே எழுத்தில் கொடுத்திருந்தாள். கட்டுப்பாட்டு அறையின் கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லதாப் போச்சும்மா. மெஷின் மக்கர் பண்ணா ஆள் தேட வேண்டாம். உங்க வீட்டு மாடியிலயே பிடிச்சுக்கலாம்."

அறிக்கையில் நல்ல பக்கத்தில் பதினோரு வரிகள் இருந்தன. நான்காவது வரி: அளவில் சிறியது, எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். கெட்ட பக்கத்தில் இரண்டே வரிகள்.

கீழ்த்தளத்துக் கட்டுப்பாட்டு அறையில் பன்னிரண்டு மேசைகளிலும் மேசைக்கொன்றாகப் பொருத்தி மூன்று மாதம் ஓடவிட்டார்கள். இறுதி அறிக்கையில் வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்துப் போட்டால், மற்ற பதினாறு அறைகளுக்கும் சேர்த்து இருநூறு கருவிகள் போகும். கோடை உச்சத்துக்கு வருமுன் எல்லாம் முடிய வேண்டும் என்று உத்தரவு. புதன்கிழமை மதியம், கையெழுத்துக்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் அவள் கீழே இறங்கினாள்.

மேசைகளில் கம்ப்யூட்டரைக் காணோம். திரைக்குப் பின்னால், ஒவ்வொரு மேசையிலும் பளபளப்பாக மெருகேற்றிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. பூட்டு ஒன்று, ஒயர் வெளியே வர விரல் நுழையும் அளவுக்குத் துளை ஒன்று. வேறு திறப்பு இல்லை.

"அழகா இருக்குல்ல?" என்றார் கண்காணிப்பாளர். "இத்தனூண்டு சாமான். சாப்பாட்டுப் பையில போட்டுக்கிட்டுப் போனா யாருக்குத் தெரியும்? அதான் பூட்டிட்டேன்."

சுவரில் பெரிய வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தார். அழைப்பு வந்ததிலிருந்து வண்டி ஒதுக்கும்வரை ஆகும் சராசரி நேரம். பழைய டவர் இருந்தபோது தொண்ணூற்றுநான்கு விநாடி. இப்போது எண்பத்தொன்று. பக்கத்தில் தலைமை அலுவலகத்தின் பாராட்டுக் கடிதம், கண்ணாடிச் சட்டத்துக்குள்.

பதின்மூன்று விநாடி சும்மா வருவதல்ல. தராசுக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். ஏழாம் மேசையில் வானொலி அக்காவின் முன்னால் கிடந்த நோட்டைப் பார்க்காமல் இருந்திருந்தால் வந்திருக்கும்.

வானொலி அக்காவுக்கு அந்தப் பெயர் குரலால் வந்தது. எதிரில் யார் அலறினாலும் அவர் குரல் செய்தி வாசிப்பதுபோல ஒரே மட்டத்தில் நிற்கும். முப்பத்தொரு வருட சர்வீஸ். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம்.

"என்னக்கா, நோட்டும் பென்சிலும்? இந்த ரூம்ல பேப்பரை ஒழிச்சு ரெண்டு வருஷம் ஆச்சே."

"ஒழிச்சாங்க. இவர் வந்தப்புறம் மறுபடி வாங்கிட்டேன்." மரப்பெட்டியைப் பென்சிலால் தட்டினார். "காலையில நல்லாத்தான் இருப்பாரு. மத்தியானம் ஆச்சுன்னா உண்ட மயக்கம். கூப்பிட்டா மெதுவாத்தான் எந்திரிப்பாரு. அதுவரைக்கும் நான் கேட்டு எழுதிக்கறேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"என்னன்னு சொல்ல? நாங்க வேகமாயிட்டோம்னு படம் வரைஞ்சு ஒட்டியிருக்காங்க. வேகமா இருக்கறவ போய் மெஷின் மெதுவா இருக்குன்னு சொன்னா, கிறுக்கின்னு சொல்லமாட்டாங்க?"

பேசிக்கொண்டிருக்கும்போதே பச்சை விளக்கு எரிந்தது. குரல் தனி வழியில் வருவதால் அக்கா உடனே பேசத் தொடங்கிவிட்டார். அழைப்பவரின் எண்ணும் இடமும் படிவம் திறந்தால்தான் திரையில் தெரியும். படிவம் திறக்கவில்லை. திரையின் நடுவே வளையம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. தராசு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து. பதினைந்து. அக்கா எழுதிக்கொண்டே, "மூச்சு வருதா பாருங்க, நெஞ்சு மேல கை வச்சுப் பாருங்க" என்றார். இருபது. இருபத்துமூன்றாவது விநாடியில் படிவம் திறந்தது. அதன் மூலையில் இருந்த நேரக் கணக்கி அப்போதுதான் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

தராசு அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழைய டவரில் மணி அடித்த கணமே படிவம் திறக்கும். அதனால் கணக்கி எப்போது தொடங்குகிறது என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. இப்போது முதல் இருபத்துமூன்று விநாடி கணக்கிலேயே இல்லை. அதற்குள் அக்கா பாதி வேலையை நோட்டில் முடித்துவிடுவதால், மீதியைத் தட்டச்ச எண்பத்தொரு விநாடி போதும். காற்றுப் போக்கில்லாத பெட்டிக்குள் கருவி எவ்வளவு சூடாகிறதோ, படிவம் அவ்வளவு தாமதமாகத் திறக்கும். எவ்வளவு தாமதமாகத் திறக்கிறதோ, சுவரில் உள்ள கோடு அவ்வளவு கீழே இறங்கும். மாலைவரை உட்கார்ந்து முப்பது அழைப்புகளைக் கடிகாரத்தில் அளந்தாள். உண்மையான சராசரி நூற்றுநான்கு.

"பெட்டியை எடுக்கணும் சார்," என்றாள் கண்காணிப்பாளரிடம்.

அவர் கோபப்படவில்லை. இழுப்பறையிலிருந்து அவளுடைய முதல் அறிக்கையை எடுத்து நான்காவது வரியைக் காட்டினார். சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தார். "எங்க வேணும்னாலும் வைக்கலாம்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? பெட்டியில வச்சேன்." பிறகு, ஒரு மேசைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, சாவியைக் கொடுத்தார்.

வியாழக்கிழமை மதியம் ஏழாம் மேசைப் பெட்டியைத் திறந்து அந்தக் கருவியை எடுத்தபோது, இப்போதுதான் அணைத்த இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல இருந்தது. கையில் பிடிக்க முடியாமல் கைக்குட்டையால் தூக்கி மேசைமேல் வைத்தாள். தீய்ந்த வாசனை இல்லை, சத்தம் இல்லை, எச்சரிக்கை எதுவும் இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் ஆறிவிட்டது. அதன்பிறகு வந்த ஒவ்வொரு அழைப்புக்கும் படிவம் ஒரே விநாடியில் திறந்தது. கடிகாரப்படி வண்டி ஒதுக்கத் தொண்ணூற்றொன்று. பழைய டவரைவிடவும் குறைவு. கருவியில் குற்றமே இல்லை.

கணக்கியில் தொண்ணூறு என்று பதிவாகியிருந்தது.

நான்கு மணிக்கு அக்காவின் திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று எழுந்தது. ஏழாம் மேசை அறையின் சராசரியைவிட ஒன்பது விநாடி பின்தங்கியுள்ளது, இது முதல் மெமோ.

"யாருக்கா அனுப்பினது?"

"யாரும் அனுப்பறதில்ல. தானா வரும்." அக்காவின் குரல் அதே மட்டத்தில் இருந்தது. "ரெண்டாவது வந்தா மேல போய் நிக்கணும். மூணாவது வந்தா வீட்டுல போய் நிக்கணும். முப்பத்தொரு வருஷத்துல எனக்கு இதான் முதல்."

அன்று மாலை கொழுந்தன் வீட்டு மாடிப்படியில் அவளுக்காகக் காத்திருந்தான். கழுத்தில் டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி, சோறு தண்ணி இறங்கல. ஒரே வார்த்தை. பாஸா, ஃபெயிலா?"

"மெஷின் பாஸ்."

"தெய்வம் நீங்க."

"பெட்டிக்குள்ள ஃபெயில்."

"பெட்டி எங்க கம்பெனி செஞ்சதில்லையே. வெளிய வச்சுப் பயன்படுத்தவும்னு ஒரு வரி எழுதுங்க, கீழ கையெழுத்தைப் போடுங்க. முடிஞ்சுது கதை."

"வெளிய வச்சா ரூம் பூரா தொண்ணூறு காட்டும். எண்பத்தொண்ணுக்குக் கடிதாசு வாங்கி மாட்டினவரு தொண்ணூறைப் பாத்துக்கிட்டு இருப்பாரா? மறுநாளே உள்ள வச்சுப் பூட்டிடுவாரு."

அவன் டையைக் கழற்றிக் கையில் சுற்றினான். "அப்ப அந்தக் கணக்கை மாத்தச் சொல்லுங்க."

"அந்த சாஃப்ட்வேர் வேற ஆளுது. எழுதிக் கேட்டா ஆறு மாசம். அதுக்குள்ள பதினாறு ரூமுக்கும் போயிடும், பெட்டியோட."

"அங்கயும் பெட்டியா?"

"தச்சர்கிட்ட இருநூறு பெட்டிக்குச் சொல்லியாச்சு. உன் மெஷினுக்குத்தான் இன்னும் சொல்லல."

அவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான். "இந்த ஆர்டர் போச்சுன்னா என்னையும் அனுப்பிடுவாங்க அண்ணி," என்றான் கடைசியில். கெஞ்சவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். இரண்டரைக்குத் தராசு ஏழாம் மேசைக்குப் போனாள். கருவி மேசைமேல் இல்லை. பெட்டி பூட்டியிருந்தது.

"யார் உள்ள வச்சது?"

"நான்தான்," என்றார் வானொலி அக்கா. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "காலையில சார்கிட்ட சாவி வாங்கி நானே வச்சேன். எட்டு மாசம்தாம்மா. நோட்டு இருக்கு, பென்சில் இருக்கு. ஓட்டிருவேன்."

பச்சை விளக்கு எரிந்தது.

"சொல்லுங்க. யாரு விழுந்தது? அப்பாவா? பேச்சு இருக்கா?" பென்சில் ஓடியது. திரையில் வளையம் சுற்றியது. "அழாதீங்கம்மா, இடத்தை மட்டும் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி. சரி. நீலக் கதவு. சரி. எந்தப் பள்ளிக்கூடம்? எந்தத் தெரு?"

அக்கா தலையைச் சற்றுச் சாய்த்தார். காதுக் கருவியை விரலால் அழுத்தினார்.

"ஹலோ. அம்மா. லைன்ல இருக்கீங்களா?"

பச்சை விளக்கு அணைந்திருந்தது. பதினேழாவது விநாடி. இருபத்துமூன்றாவதில் படிவம் திறந்தது. அழைப்பு ஏற்கெனவே அறுந்துவிட்டதால் எண்ணுக்கான கட்டம் வெறுமையாக இருந்தது, இடத்துக்கான கட்டமும். கணக்கி ஓடத் தொடங்கியது. படிவத்தை மூடக் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அடியில் மூன்று பொத்தான்கள்: தவறான எண், விளையாட்டு அழைப்பு, பேச்சற்ற அழைப்பு.

"இப்படி முன்னாடி ஆயிருக்கா அக்கா?"

"ஆயிருக்கு."

"அப்ப எதை அமுக்குவீங்க?"

"மூணாவதை." பென்சிலால் அந்தப் பொத்தானைக் காட்டினார். "நாலு விநாடியில முடிஞ்சுடும். சராசரி இன்னும் குறையும்."

ஆனால் இப்போது அமுக்கவில்லை. எழுந்து நின்று அறை முழுவதுக்கும் கேட்கும்படி, "நீலக் கதவு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி, வயசானவர் விழுந்துட்டார். மறுபடி யாருக்காவது வருதா?" என்றார். பதினொரு தலைகள் இல்லையென்று அசைந்தன. ஒரு நிமிடம் பார்த்தார்கள். இரண்டு நிமிடம். வரவில்லை.

"வண்டி அனுப்புங்கக்கா."

"கூப்பிட்டவங்க பேரும் நம்பரும் இல்லாம படிவம் நகராதும்மா. படிவம் நகராம வண்டி நகராது."

தராசு குனிந்து விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். அழைத்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரை அடித்தாள். அடுத்ததில் தன் கைப்பேசி எண்ணை. இடத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், நீலக் கதவு என்று. பொய்யான தகவல் தரும் ஊழியர் பணிநீக்கம் செய்யப்படலாம், தொடரவா என்று திரை கேட்டது. தொடர் என்பதை அழுத்தினாள். கணக்கி இருநூற்றிருபதில் நின்றது. வண்டி ஒன்று ஒதுக்கப்பட்டது. அதே கணம் சிவப்புக் கட்டம் எழுந்தது. ஏழாம் மேசை, இரண்டாவது மெமோ.

"நீங்க எந்திரிங்கக்கா. நான் உக்காந்துக்கறேன். என் பேர்ல போகட்டும்."

"குரலைக் கேட்டது நானு," என்றார் அக்கா. ஈயை விரட்டுவதுபோலக் கட்டத்தை மூடிவிட்டு வரைபடத்தைத் திறந்தார். அந்த அறை பார்ப்பது நகரத்தின் வடக்குப் பாதியை மட்டும். அதில் பத்தொன்பது பள்ளிக்கூடங்கள். அக்கா நோட்டில் ஒவ்வொன்றாக எழுதி, முதலாவதை ஓட்டுநருக்குச் சொன்னார்.

மூன்று மணி ஆனதும் கண்காணிப்பாளர் வாசலில் தலையை நீட்டினார். "மேல எல்லாரும் வந்தாச்சு. பேனாவோட வாங்கம்மா, உங்க கையெழுத்துதான் பாக்கி."

"போடப்போறதில்ல சார்."

"விளையாடாதீங்க."

"பத்தொம்பது பள்ளிக்கூடம் இருக்கு. பாத்து முடிச்சுட்டு மேல வந்து ஏன்னு சொல்றேன்."

அவர் அறைக்குள் ஓரடி வைத்தார். திரையில் அழைத்தவர் கட்டத்தில் இருந்த பெயரைப் படித்தார். அவர் முகம் மெல்ல மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தபோது ஓட்டுநரின் குரல் வந்தது.

"முதல் ஸ்கூலுக்குப் பின்னாடி நிக்கறேன். ரெண்டு தெருவும் பாத்துட்டேன். நீலக் கதவு இல்ல."

"அடுத்ததுக்குப் போங்க," என்றார் அக்கா.

இடம் சொல்லும்போது குரல் அதே மட்டத்தில்தான் இருந்தது. நோட்டில் முதல் பெயரின் மேல் கோடு கிழித்தார். மற்ற மேசைகளில் விளக்குகள் எரிந்தன, வளையங்கள் சுற்றின. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆறு நிமிடம் கழித்து ஓட்டுநர் மறுபடி கூப்பிட்டார்.

"இங்க ஒரு கதவு நீலம். தட்டினேன். நாங்க கூப்பிடலைங்கறாங்க."

அக்கா இரண்டாவது பெயரின் மேலும் கோடு கிழித்தார். பதினேழு மிச்சம் இருந்தன.