ராம்பின் அடிப்பக்கம்

நாத்தனார், காரின் முன்பக்கத்தை ஏற்றி நிறுத்தும் மர ராம்ப்கள் இரண்டையும் முன்சக்கரங்களுக்கு நேராக இழுத்துப் போட்டுவிட்டு, காருக்கு முன்னால் போய் மதிலில் முதுகைச் சாய்த்து நின்றாள். ஒரு கையைத் தூக்கி, "வாங்க அண்ணி, நான் சொல்றேன்" என்றாள். நான் இன்ஜினை அணைத்தேன்.

"அங்க நிக்காத."

"எங்க நின்னா என்ன? எனக்குச் சக்கரம் தெரிய வேணாமா?"

"என் ஜன்னல் பக்கம் வா. நீ அங்கேருந்து நகராம நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

என் குரல் அவளுக்குப் புதிதாக இருந்திருக்கும். இருபது வருடமாக ஆஸ்பத்திரியில் நர்ஸாக மற்றவர்களை அதட்டிப் பழகியவள், மறுபேச்சில்லாமல் வந்து நின்றாள். அவளுடைய அண்ணன், என் கணவர், இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கார் அதற்கும் முன்பிருந்தே ஆயில் மாற்றக் காத்திருந்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாமே என்றேன். "வண்டிக்கு அடியில அண்ணன் கூடவே படுத்து டார்ச் அடிச்சவ நான். பாத்துக்கலாம் வாங்க" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிட்டாள்.

அவர் லிப்ட் மெக்கானிக். "ஊரையே மேல ஏத்தி இறக்கறேன், என் வண்டிய ஒரு சாண் ஏத்த முடியாதா?" என்பார். கடையில் விற்ற இரும்பு ராம்ப்களை இருவருமாகப் போய்ப் பார்த்தோம். ஏற்றம் செங்குத்தாக இருந்தது. எங்கள் காரின் தாழ்ந்த மூக்கு, சக்கரம் ஏறும் முன்பே இடித்துவிடும் என்று கையாலேயே அளந்து பார்த்து வேண்டாமென்றார். பிறகு தடித்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே போகப் போக நீளம் குறைத்து, பசை தடவித் திருகி, அவரே செய்தார். உச்சியில் சக்கரம் தாண்டிப் போகாதபடி ஒரு குறுக்குக் கட்டை. மூன்று வாரம் வீடெல்லாம் மரத்தூள். சட்டையை உதறினால் தும்மல் வரும்.

செய்து முடித்த கையோடு அவருக்கு நாலு நாள் வெளியூர் வேலை வந்தது. திரும்பி வரும்போது அசந்துபோகட்டும் என்று, ஜன்னல் கம்பிக்கு அடித்தது போக மிச்சமிருந்த பச்சை எனாமலை எடுத்து ராம்ப்களுக்கு அடித்தேன். அடிப்பக்கம் ஈரத்தில் கிடந்தால் உளுத்துவிடுமே என்று கவிழ்த்துப்போட்டு, அங்கே மட்டும் இரண்டு பூச்சு கூடுதலாக. தரையைப் பிடித்து நிற்கட்டும் என்று அந்தப் பக்கத்தை அவர் வேண்டுமென்றே சொரசொரப்பாக விட்டிருந்தது எனக்குத் தெரியாது. வந்து பார்த்தவர் மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கவிழ்த்துப் பார்க்கவில்லை.

நான் அப்போதுதான் கார் ஓட்டப் பழகியிருந்தேன். இவள் இன்று நின்ற அதே இடத்தில் அவர் நின்றுகொண்டு, "வா, வா, இன்னும் கொஞ்சம்" என்று விரலை மடக்கினார். சக்கரம் ராம்பைத் தொட்டது. ஏறவில்லை. கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் இரண்டு ராம்ப்களும் சோப்புக்கட்டி போல வழுக்கிக்கொண்டு முன்னால் போயின, பின்னாலேயே கார். பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பயத்தில் இரண்டு கால்களையும் தூக்கிவிட்டேன். வண்டி ஒரு உதறு உதறி அணைந்து நின்றது.

ராம்புக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தது. அவருக்குப் பின்னால் மதில்.

குனிந்து ராம்பைப் புரட்டிப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதுல முகம் பாத்து ஷேவ் பண்ணலாம் போலிருக்கே. அவ்ளோ பளபளன்னு அடிச்சிருக்க" என்றார். சிரிக்கத்தான் செய்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார். அதைக் கீழே வைத்துவிட்டு, "இன்னிக்கு வேணாம், டீ போடு" என்றார். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அந்தப் பெயிண்டைச் சுரண்டி எடுத்து, பழைய டயரை வெட்டி அடியில் ஆணியடித்தார். அதன்பின் வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டமானது.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். சண்டை போட்டோம், கடல் பார்த்தோம், ஒரு வருடம் முழுக்க வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அத்தனையும் அந்த நாலு விரல் இடத்துக்குள் கிடைத்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், பல காலைகளில் சும்மா அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கார் இன்று சத்தமில்லாமல் ஏறிக் குறுக்குக் கட்டையில் போய் முட்டி நின்றது. கியரில் விட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். நாத்தனார் பழைய பெட்ஷீட்டை விரித்து அடியில் நுழைந்தாள். அவள் முகம் தெரியாத அந்த நேரத்தில்தான் எனக்குப் பேச வாய் வந்தது. உன் அண்ணனை நான் ஒருநாள் கொல்லப் பார்த்தேன் என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, அவள் எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"பெயிண்ட் அடிச்சது நீங்களா?"

"நான்தான்."

"ராம்ப் வழுக்கினதச் சொன்னப்ப, தான்தான் பெயிண்ட் அடிச்சதாச் சொன்னான் அண்ணி. அம்மா திட்டு திட்டுன்னு திட்டினாங்க. 'உன்ன நம்பி லிப்டுல எப்படிடா ஆளு ஏறுது'ன்னு. தலையக் குனிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டான், திருட்டுப்பய. உங்க பேச்சே எடுக்கல."

தரையில் உட்கார்ந்தேன். அவள் பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒரு குதிகாலில் வெடிப்பு, அவர் குதிகாலில் இருந்ததைப் போலவே.

"நட்டு கழண்டுடுச்சு. ஆயில் பிடிக்கற தட்ட இங்க தள்ளுங்க, சீக்கிரம்."

தள்ளினேன். ஆயில் முதலில் கயிறு கனத்தில் கறுப்பாக விழுந்தது. பிறகு மெலிந்து நூலானது. காற்றில் அந்த நூல் லேசாக ஆடியது. நாங்கள் இருவரும், அவள் படுத்தபடியும் நான் குனிந்தபடியும், அது சொட்டாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூடிடலாமா?" என்றேன்.

"அவசரம் என்ன அண்ணி? இன்னும் வருது பாருங்க."