பந்தைப் பந்தால் எப்படிப் பெருக்குவது?

கணக்கு சார் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார் என்ற செய்தி வந்தபோது, ஆசிரியர் அறையில் எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். விளையாட்டு டீச்சர் மட்டும் சுவரில் இருந்த கால அட்டவணையைப் பார்த்தாள். காலை இரண்டாம் பீரியடில் வகுப்பு இல்லாமல் இருப்பது தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரியும்.

பயந்தது போலவே தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"எட்டாம் வகுப்பு, ஆறே வாரம். இயற்கணிதக் கோவை, பல்லுறுப்புக் கோவை. புத்தகத்துல எல்லாம் இருக்கு. பார்த்துச் சொல்லிக் குடுங்க."

"மேடம், எனக்குக் கணக்கு சுத்தமா..."

"வாலிபால்ல பாயின்ட் எண்ணுறீங்கல்ல? அதே மாதிரிதான்."

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'விசில்'. அவள் விசிலை உதட்டில் வைத்தாலே மாடிப்படியில் ஓடுகிற கால்கள் நின்றுவிடும். அப்படிப்பட்டவளுக்கும் பயம் என்று ஒன்று உண்டு என்பது யாருக்கும் தெரியாது. அவள் எட்டாம் வகுப்பு படித்தபோது இதே பாடத்தில், கையில் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் மணி அடிக்கும்வரை அவளை நிற்க வைத்திருந்தார்கள். பின்னால் வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்துதான் அவள் மைதானத்துக்கு ஓடினாள். அங்கே யாரும் x எவ்வளவு என்று கேட்கவில்லை.

சாயங்காலம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். கணவனுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"மூணு x, ரெண்டு y, நாலு x. இதுக்கா மூஞ்சி இப்படிப் போகுது? நாங்க தினமும் பண்றதுதான். போர்வையைப் போர்வையோட போடு, தலையணை உறையை உறையோட போடு. ஏழு போர்வை, ரெண்டு உறை. கலந்து போட்டா நர்ஸம்மா கிட்ட வாங்கிக் கட்டிக்கணும்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை ஒரு கூடை பந்தோடு வகுப்புக்குள் போனாள். முப்பத்து மூன்று பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். "x-னா வாலிபால். y-னா டென்னிஸ் பந்து" என்றாள். ஒத்த உறுப்புகளைச் சேர்த்தார்கள். ஏழு x, இரண்டு y. முன்னால் நிற்கிற எண்ணுக்குக் கெழு என்று பெயர் சொன்னதும் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "கேட்டாலே கிழம் மாதிரி இருக்கு டீச்சர்" என்றது. வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்துவிட்டாள். ஒரு வழியாக மணி அடித்தது. இவ்வளவுதானா, இதற்குப் போயா இத்தனை வருஷம் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை பக்கம் திரும்பியது.

2x² + 3x + 5 என்று எழுதினாள். "இது பல்லுறுப்புக் கோவை. இதுல பெரிய படி ரெண்டு" என்று மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தாள். ஜன்னலோரத்தில் ஒரு கை உயர்ந்தது. ஒல்லியான உடம்பு, காதில் ரீங்காரம் போடுகிற மாதிரி மெல்லிய குரல். அதனாலேயே கூட்டாளிகளுக்கு அவள் 'கொசு'.

"டீச்சர், நேத்து x-னா வாலிபால்னு சொன்னீங்க. அப்ப x ஸ்கொயர்னா வாலிபாலை வாலிபாலால பெருக்கணும். பந்தைப் பந்தால எப்படி டீச்சர் பெருக்குறது?"

முதலில் ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் வகுப்பே கொல்லென்று சிரித்தது. கொசு சிரிக்கவில்லை. அவள் நிஜமாகத்தான் கேட்டாள். ஆனால் டீச்சரின் காதில் விழுந்தது பழைய சிரிப்பு. பலகையில் இருந்த எழுத்துகள் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன.

"நக்கலா? எங்கிட்டயே நக்கலா? போ, கிரவுண்டை மூணு சுத்து சுத்திட்டு வா!"

கொசு ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அப்புறம் அடக்கிக்கொண்டு வெளியே போனாள்.

"டீச்சர், அவளுக்கு..." என்று முதல் பெஞ்சுக்காரி எழுந்தாள்.

"நீயும் ஓடணுமா? உட்காரு!"

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினாள். புத்தகத்திலிருந்த கணக்குகளை ஒன்று விடாமல் பலகையில் எழுதிக்கொண்டே இருந்தாள். திரும்பினால் இன்னொரு கை உயர்ந்துவிடுமோ என்று திரும்பவே இல்லை. பத்து நிமிஷம் கழித்துத்தான் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெயிலில் சுண்ணாம்புக் கோடுகள், தொங்கிப்போன வலை. மைதானத்தில் ஒரு ஆள்கூட இல்லை.

முதல் பெஞ்சுக்காரி அழுதுகொண்டே எழுந்து நின்றாள். "டீச்சர், அவளுக்கு இழுப்பு இருக்கு. ஓடக்கூடாதுன்னு உங்ககிட்டதான் லெட்டர் குடுத்தா. மருந்து இங்க பையில இருக்கு."

அந்தக் கடிதத்தைத் தன் பதிவேட்டில் அவளே ஒட்டியிருந்தாள். ஓட்டம் கூடாது என்று சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தாள். பயம் வந்த நிமிஷத்தில் அது மறந்துபோயிருந்தது.

இன்ஹேலரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மைதானத்தில் இல்லை, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இல்லை, கழிப்பறையில் ஒவ்வொரு கதவாகத் தள்ளினாள், இல்லை. வாசலில் காவலாளியின் நாற்காலி காலியாக இருந்தது, கேட் ஒரு ஆள் போகிற அளவுக்குத் திறந்து கிடந்தது. வெளியே சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கடவுளே, கடவுளே என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கத்தினாள். பதில் வரவில்லை. கத்துவதை நிறுத்திய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னாலிருந்து மெல்லிய, நீளமான ஒரு கீச்சு.

கொசு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. கண்கள் டீச்சரைப் பார்த்ததும் மிரண்டன. இந்த நிலையிலும் என்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறாளே என்று நினைத்தபடி டீச்சர் அவள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"பயப்படாதே கண்ணு. நிமிர்ந்து உட்காரு. வாயில வை. இப்ப இழு. அப்படித்தான். இன்னொரு தடவை."

முதலுதவி அவளுக்குத் தெரிந்த வேலை. கை நடுங்கினாலும் செய்ய வேண்டியதைச் செய்தது. நாலாவது இழுப்புக்கு அப்புறம் கீச்சு குறைந்தது, உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. மூச்சு திரும்பியதும் கொசு சொன்ன முதல் வார்த்தை:

"மூணாவது சுத்து பாக்கி இருக்கு டீச்சர்."

விளையாட்டு டீச்சர் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மத்தியானம் கொசுவின் அம்மா வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள், சீருடையோடு ஷிஃப்டிலிருந்து நேராக வந்திருந்தாள். தலைமையாசிரியையின் அறையில் டீச்சர் நின்றுகொண்டே இருந்தாள். பிள்ளை அடங்கவில்லை, தெரியாமல் நடந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"உங்க பொண்ணு மேல தப்பில்லைங்க. அவ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. பயந்துட்டேன். அந்தப் பயத்துலதான் அவளை வெளியே அனுப்பினேன்."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பயமா இருந்தா பிரேக்கை மிதிக்கணும் டீச்சர். நீங்க என் பொண்ணை மிதிச்சிருக்கீங்க."

தலைமையாசிரியை ஒரு வெள்ளைத்தாளை அம்மாவின் பக்கம் நகர்த்தினார்.

"புகார் எழுதிக் குடுக்கத்தான் வந்தேன். எழுதத்தான் போறேன். ஆனா அவ என்ன கேட்டாளோ, அதுக்கும் பதில் வரணும். இல்லேன்னா வீட்டுல என் உயிரை வாங்கிடுவா."

புகார் எழுதப்பட்டது. விளையாட்டு டீச்சருக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் வேலை போய்விடும் என்று அதில் இருந்தது. வேறு ஆள் கிடைக்காததால் வகுப்பு மட்டும் அவளிடமே இருந்தது.

கொசு இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் டீச்சர் சோறு தண்ணி இறங்காமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை விளையாட்டுச் சாமான் அறையில், வாய் கட்டிய பந்துப் பை ஒன்றை எடுத்து மூலையில் வைக்கப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள். இதில் எத்தனை பந்து? அவிழ்த்தால்தான் தெரியும். ஆனால் தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு எண்ணிக்கை உள்ளே இருக்கத்தான் செய்கிறது. x என்பது பந்து இல்லை. x அந்த எண்ணிக்கை. நான்தான் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கொசு வந்திருந்தாள், அம்மாவும் கூட. அம்மா வகுப்பு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வராந்தாவில் தலைமையாசிரியை.

"அன்னைக்குக் கேட்ட கேள்வி சரியான கேள்வி" என்றாள். "நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு. தண்டனை குடுத்தது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சுடு."

விசில் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

எல்லோரையும் மைதானத்து மரநிழலுக்குக் கூட்டிப் போனாள். மதில் சுவரில் சாக்பீஸால் பெரிதாக x² + x + 3 என்று எழுதினாள். "x ஒரு நம்பர். இப்போதைக்கு அஞ்சு. x ஸ்கொயர்னா x வரிசை, வரிசைக்கு x பேர். நில்லுங்க!"

ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து பேர். கச்சிதமான சதுரம். பக்கத்தில் தனியாக ஐந்து பேர் ஒரு வரிசை, அதுதான் x. மிச்சம் மூன்று பேர். அதில் ஒருத்தி கொசு.

"இப்ப x நாலு!"

சதுரம் குலைந்தது, இடித்துக்கொண்டார்கள், இரைச்சல். பதினாறு பேர் சதுரத்தில், நாலு பேர் வரிசையில், பத்துப் பேர் இடமில்லாமல் வெளியே நின்று சிரித்தார்கள். அந்த மூன்று பேர் மட்டும் அசையவில்லை.

"டீச்சர், x மாறினாலும் நாங்க மாறல!" என்று கொசு கத்தினாள். கொசு கத்தி அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள். "நாங்க மாறிலி!"

அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினாள். தலைமையாசிரியையும் உள்ளே போய்விட்டார். மணி அடித்ததும் பிள்ளைகள் வகுப்பைப் பார்த்து நடந்தார்கள். கொசு மட்டும் டீச்சர் பக்கத்திலேயே வந்தாள்.

"டீச்சர், உங்க கை இன்னும் நடுங்குது."

"ஆமா. பயமா இருக்கு."

"இப்ப எதுக்கு?"

"அடுத்த பக்கத்துல மைனஸ் வருது."

கொசு அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கும்தான்" என்றாள்.